குறையில்லாத மோட்டார்

மேட்டுவலசில் செய்து விற்ற மோட்டார்கள் பழுதானால் தாமாகவே நடந்து ஊருக்குத் திரும்ப ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆகையால், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த திலகமணி, படிக்கு நேர் எதிரே ஆளுயர மோட்டார் ஒன்று செங்குத்தாக நிற்பதைப் பார்த்ததும் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று மட்டும் பார்த்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆழ்துளைப் போர்க்குழிக்குள் இறக்குகிற வகை மோட்டார் அது. ஒல்லியான எவர்சில்வர் உடம்பும் பின்னால் இழுபடும் கறுப்பு ஒயருமாகக் குதித்துக் குதித்து வரும். முதன்முதலில் இப்படி வந்தது ஒட்டன்சத்திரத்துப் பக்கம் போன மோட்டார். அது கம்பெனி வாசலைத் திரும்பியும் பார்க்காமல், நான்கு தெரு தாண்டி, உள்ளே செம்புக் கம்பி சுற்றிய மயில்சாமியின் வீட்டு முன்னால் போய் நின்றது. மயில்சாமி அதைப் பிரித்துப் பார்த்தார். கம்பியில் ஓர் இடத்தில் நகம் பட்டு மேல்பூச்சு உரிந்திருந்தது. வேறு கம்பி சுற்றி மூடியதும் மோட்டார் ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே போய்விட்டது. அன்றிலிருந்து எந்தக் கை தவறியதோ அந்தக் கைக்குரியவர் வாசலில்தான் மோட்டார் நிற்கும், தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் கிளம்பும், இல்லாவிட்டால் நிற்கும் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஏன் நடக்கின்றன என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். ஊர்க்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது, யார் வீட்டுக்கு வந்தது என்று பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வாசலைப் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டு, கம்பி சுற்றுகிற வேலை என்றால் இரண்டு மாத முன்பணம் கூடுதலாகக் கேட்டார்கள். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஓரமாக ஒரு சின்ன வழி விட்டார்கள், நாய்கள் ஒரு மாதம் குரைத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போயின, பஞ்சாயத்தில் வாசல் மோட்டார்களில் ஆடு கட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, கொல்லைப்புறமாகப் போய்வந்தார் ஒருவர். மோட்டாரும் கொல்லைப்புறத்துக்கு வந்தது. இன்னொருவர் ஊரை விட்டே கிளம்பித் திருப்பூரில் குடியேறினார். மூன்றாம் நாள் அங்கே போய் நின்றது, யாரிடமும் விலாசம்கூடக் கேட்கவில்லை. இந்த வழக்கம் மோட்டாரோடு நின்றுவிட்டதில் ஊர்ப் பெண்களுக்கு மனத்தாங்கல் உண்டு, தையல்காரர் குமரேசன் தைத்த ரவிக்கைகளும் நடந்திருந்தால் அவர் வாசலில் திருவிழாக் கூட்டம் நின்றிருக்கும்.

இதனால் மேட்டுவலசு மோட்டாரின் தரம் வானத்துக்கு ஏறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கொஞ்சம் ஏறியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மனிதர்கள் மனிதர்கள்தானே. ஒரு வேலையை மூன்று பேராகச் சேர்ந்து செய்தால், பழுதான மோட்டார் யார் வாசலுக்குப் போவதென்று தெரியாமல் மூன்று தெரு கூடுமிடத்தில் நின்றுவிடுகிறது என்று ஒரு புத்திசாலி கண்டுபிடித்தான். பொன்னூத்து பம்ப்ஸ் கம்பெனியில் அதற்குப் பிறகு ஒரு திருகாணி முடுக்கக்கூட மூன்று பேர் கை வைத்தார்கள், மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். முச்சந்தியில் பதினொரு மோட்டார்கள் சேர்ந்தன. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவற்றின் மேல் சாய்ந்துகொண்டார்கள்.

தனியாக வேலை பார்த்தது திலகமணி ஒருத்திதான். அவள் கடைசிச் சோதனைக்காரி. செய்து முடித்த ஒவ்வொரு மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, ஒரு வேப்பங்குச்சியின் ஒரு முனையை அதன் மேலும் மறுமுனையைத் தன் காதோடும் வைத்துக் கேட்பாள். சத்தம் சரியாக இருந்தால் தாளில் 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவாள். கூட இரண்டு பேரைப் போட்டுத் தருகிறோம் என்று மேனேஜர் தாமோதரன் சொன்னபோது, "இந்தக் காது எனக்கு ஒருத்திக்குத்தானுங்க சார் இருக்குது" என்று மறுத்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக அவள் சோதித்த மோட்டார்களில் ஒன்றுகூட அவள் வாசலுக்கு வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, அதை மறைத்துவைக்கும் பழக்கமும் அவளுக்கில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து தரச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் வரும்போது, தரப் பிரிவுக்குத் தலைமையாக அவளைத்தான் முன்னால் நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது. வாசலில் மோட்டார் நிற்கிற ஆளை அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்த விதியை எழுதச் சொன்னதே திலகமணிதான்.

அவள் மோட்டாரைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொட்டியில் இறக்கினாள், வேப்பங்குச்சியை வைத்தாள், புதுசு மாதிரி பாடியது. மறுநாளும் பாடியது. மூன்றாம் நாள் மயில்சாமியைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னாள். அவர் ஒவ்வொரு பாகமாக விரித்த துணியில் பரப்பி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குத்தமும் இல்லீங்கம்மிணி. இத செஞ்ச கைக்குக் காப்புப் போடலாம்" என்றார்.

"அப்பறம் எதுக்குங்கண்ணா எங்கிட்ட வந்து நிக்குது?"

"அதத்தான் அதுகிட்டக் கேக்கோணும்" என்றார் மயில்சாமி. சேர்த்து மூட்டியதும் மோட்டார் ஐந்தரை மணிச் சங்குக்குக் கம்பெனி ஆட்களோடு வெளியேறி, திலகமணிக்கு நாலடி பின்னால் குதித்து வந்து, பழைய இடத்திலேயே நின்றுகொண்டது.

பழுதான மோட்டாரை ஊருக்குத் தெரியும். பழுதே இல்லாத மோட்டார் வந்து நிற்பதுதான் ஊருக்குப் புதிது. அதையும் ஊர் இரண்டு நாளில் ஜீரணித்துக்கொண்டது. எதிர்வீட்டில் சாவுவீட்டுக்குக் கொடுப்பதுபோலப் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயில் கமிட்டியில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார்கள், போட்டாள். கண்ணுக்குத் தெரியாத தப்பு என்றார்கள் சிலர். பதினெட்டு வருஷக் கர்வம் மொத்தமும் சேர்ந்து இப்படி வந்து நிற்கிறது என்றாள் அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த சுகுணா, அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் ரொம்பப் பொருத்தமாக இருந்தது. திலகமணியின் கணவன் குழந்தைவேல் மட்டும் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை மோட்டாரின் தலையில் போட்டான்.

"நிக்கட்டும் உடு. சோறா கேக்குது?" என்றான்.

அவளால் விட முடியவில்லை. ராத்திரிச் சோறு இறங்கவில்லை, கம்பெனியில் வேறு மோட்டார்களைக் கேட்கும்போது தன் காதையே நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். இதுவரை 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிய அத்தனை தாளும் பொய்யாகிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தாமோதரன் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். குறையில்லை என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்தால் மோட்டாரை காஸ் வைத்து அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், அறுத்தது திரும்பி வராது.

"ரெண்டு பேரு போட்டாச்சுங்க. நீங்களும் போட்டுட்டீங்கன்னா நாளைக்கே அறுத்தர்லாம். வெள்ளிக்கெழம உங்க வாசல் சுத்தமா இருக்கும்."

"பொய்யில்லீங்களே சார்?"

"இதுல என்னங்க பொய்? நீங்களே எட்டு நாளாப் பாத்தீங்க, குறை இருந்துதா?"

இல்லை. தாளில் இருந்தது அவள் பதினெட்டு வருஷமாக எழுதிய அதே மூன்று சொல்தான், அதைவிட உண்மையாக இந்த உலகத்தில் ஒன்றுமில்லை. அவள் பேனாவைத் திறந்தாள். திறந்த பேனாவோடு, பின்னால் நின்ற மோட்டாரின் கழுத்தில் குத்தியிருந்த எண்ணைத் தாளில் குறிக்கக் குனிந்தபோதுதான், இந்த மோட்டாரை வாங்கியவர் யார் என்று ஒரு கேள்வி அவளுக்கு வந்தது. இத்தனை சாதாரணக் கேள்வி ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கும் வந்ததில்லை. மோட்டார் நம் வாசலுக்கு வந்துவிட்டதே, இனி அது நம் பாடு என்று எல்லோரும் மோட்டாரையே பிரித்துப் பிரித்துப் பார்த்தார்களே தவிர, அதை ஓட்டியவரைப் போய்ப் பார்க்கலாம் என்று மேட்டுவலசில் யாரும் நினைத்ததில்லை. நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, விற்பனைப் பிரிவில் விலாசம் வாங்கிக்கொண்டாள். நாச்சாத்தாள், கன்னாங்காடு, மூலனூர் வழி.

வியாழக்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறினாள். மோட்டாரும் ஏறியது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். தாராபுரம் தாண்டியதும் கூட்டம் நெருக்க, நின்றுகொண்டு வந்தவர்கள் கம்பியென்று நினைத்து மோட்டாரைப் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் வளைவுகளில் ஆடாமல் நின்று கொடுத்தது.

கன்னாங்காட்டில் இறங்கி ஒரு மைல் நடந்தால் நாச்சாத்தாளின் விவசாயக் காடு. வேலியோரம் நாலு முருங்கை, ஓட்டு வீடு, மாட்டுக்கொட்டகை, அதற்கு அப்பால் வரிசை வரிசையாகத் தென்னையின் அடிக்கட்டைகள். மரம் ஒன்றுகூட இல்லை. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்கு முருங்கைத் தழை உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள். மோட்டாரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எங்கூட்டு மோட்டாரு" என்றாள். "ஆரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சனுங்க."

"தூக்கலீங்க, தானா நடந்துதான் வந்துது. நான் கம்பெனியில சோதன பண்றவ. இது உங்ககிட்ட எப்படி ஓடுச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

நாச்சாத்தாள் தழையைக் கீழே போட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, "இன்னொருக்காப் பேசுங்க" என்றாள்.

"என்னங்க?"

"எதாச்சும் பேசுங்க."

"என்ர பேரு திலகமணிங்க. மேட்டுவலசுங்க..."

"நீங்கதான்" என்றாள் நாச்சாத்தாள். "'மோட்டார்ல குறை ஏதும் இல்லம்மா'ன்னு போன்ல சொன்னீங்களே. ரெண்டு வருசமாச்சு. இந்தக் கொரலு எனக்கு மறக்காதுங்க."

திலகமணி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், ஏனென்றால் போன் எடுப்பது அவள் வேலையே இல்லை. அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனியில், போன் எடுக்கிற பெண் அக்காவின் வளைகாப்புக்குப் போயிருந்த நாளில், அரைமணி நேரம் அவள் இடத்தில் திலகமணி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு போன்தான் வந்தது. தண்ணீர் வந்து வந்து நிற்கிறது என்று ஒரு அம்மாள் சொன்னாள். மோட்டார் எண் என்ன என்று திலகமணி கேட்டாள், தன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தாள், சொன்னாள். நல்ல மோட்டார்தானுங்களா என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டாள். நல்ல மோட்டார் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த அரைமணி நேரத்தையும் ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு தன் தொட்டிக்குத் திரும்பிப் போனதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

நாச்சாத்தாள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், லாரித் தண்ணீர். கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். இந்த போருக்கு இடம் காட்டியது அவள்தான். வீட்டு ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைக் காட்டிக்கொண்டு நின்றபோது, அவள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தாள், கிழக்கு ஓரத்தில் தேங்காய் எழுந்து நின்றது, அங்கே துளைபோட்டார்கள், தண்ணீர் வந்தது. ஆறு வருஷம் அவள் வார்த்தைக்கு அந்த வீட்டில் மதிப்பு இருந்தது. எதை விதைக்கலாம், எந்தக் கன்றை வாங்கலாம் என்று புருஷனும் கொழுந்தன்மார் இரண்டு பேரும் அவளிடம் கேட்டுத்தான் செய்தார்கள்.

"அப்பறம் தண்ணி நிக்க ஆரம்பிச்சுது. மோட்டாருதான் போச்சுன்னாங்க. நான் போன் பண்ணுனேன். மோட்டாரு நல்லா இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. நானும் அப்படியே வந்து சொன்னனுங்க. மோட்டாரு நல்லா இருக்குதுன்னா அப்ப எடந்தான் சரியில்ல, இவ காட்டுன எடந்தான் பொய்யின்னுட்டாங்க. கம்பெனிக்காரங்களே சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்றது."

மோட்டாரை மேலே இழுத்துக் கொட்டகையில் சாத்தினார்கள். தென்னை ஒவ்வொன்றாகக் காய்ந்தது. ஒவ்வொன்றாக வெட்டிச் செங்கல் சூளைக்குப் போட்டார்கள். இந்த இரண்டு வருஷமாக அவளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, சோறு ஆச்சா என்பதைத் தவிர.

"நாப்பத்திரண்டு மரமுங்க. கடைசி மரத்த வெட்டுன அன்னிக்குத்தான் மோட்டாரக் காணோம்" என்றாள்.

திலகமணி, "எத்தன அடிக்குக் குழாய் எறக்கியிருந்துதுங்க?" என்று கேட்டாள். அன்றைக்குப் போனில் கேட்டிருக்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான்.

"எரநூத்தி நாப்பது."

"குழி எத்தன அடி?"

"நானூறு."

இரண்டு பேரும் எழுந்து, கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, துணி காயப்போடுகிற நைலான் கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்து, நுனியில் எடைக்கல்லைக் கட்டி, குழியின் மூடியைத் திறந்து இறக்கினார்கள். முழம் போட்டுக்கொண்டே திலகமணி விட்டாள், நாச்சாத்தாள் பின்னாலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். முந்நூற்று இருபது அடி விட்டுவிட்டு மேலே இழுத்தபோது கடைசி முப்பது அடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இருநூற்றுத் தொண்ணூறில் தண்ணீர், மோட்டார் தொங்கிய இடத்துக்கு ஐம்பதடி கீழே. இருபதடிக் குழாய் நாலோ ஐந்தோ கூடச் சேர்த்து மோட்டாரைக் கீழே இறக்கியிருந்தால், நாற்பத்திரண்டு மரமும் நின்றிருக்கும். நாச்சாத்தாள் ஈரக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தாமோதரன் போன் பண்ணினார். காஸ் சிலிண்டர் வந்து நிற்கிறதாம், தாளில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம், மோட்டார் எங்கே, அவள் எங்கே என்று கேட்டார்.

"குறையக் கண்டுபுடிச்சுட்டனுங்க சார்."

"மோட்டார்லயா?"

"இல்லீங்க. நான் சொன்ன பதில்ல."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அதுக்குப் பாரத்துல கட்டம் இல்லீங்களே" என்றார் தாமோதரன். அவர் கெட்ட மனிதரில்லை, உண்மையிலேயே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "இப்பக் கெளம்புனாக்கூட வந்தர்லாம். வரலேன்னா நாளைக்கு அந்த எடத்துல சுகுணாவ நிறுத்தோணும். அப்பறம் மாத்த முடியாதுங்க."

பதினெட்டு வருஷம் காத்திருந்த நாற்காலி அது. திலகமணிக்கு அழுகை வரும்போலத்தான் இருந்தது. "நிறுத்திக்கங்க சார். எனக்கு இங்க இன்னும் வேல முடியல" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நாச்சாத்தாள் எழுந்து போய், மேற்குக் காட்டில் வேலி கட்டிக்கொண்டிருந்த புருஷன் பொன்னுக்குட்டியையும் கொழுந்தன்மாரையும் கையோடு அழைத்துவந்தாள். மூன்று பேரும் மண்வெட்டியும் கையுமாகக் குழிக்கு முன்னால் நின்றார்கள். மோட்டார் எப்போதோ குதித்துப் போய்க் குழிவாயருகே நின்றிருந்தது, ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் கயிற்றைத்தான் பார்த்தார்கள்.

"சொல்லுங்கம்மிணி" என்றாள் நாச்சாத்தாள்.

திலகமணி கையைக் கட்டிக்கொண்டாள். "தண்ணி இருக்குதுங்க. எரநூத்தித் தொண்ணூறுல இருக்குது. அம்மா காட்டுன எடம் சரியான எடமுங்க. கேட்டப்ப நாந்தான் கேள்விய முழுசா வாங்காமப் பதில் சொல்லிட்டேன். தப்பு என்னோடதுங்க."

சின்னக் கொழுந்தன் குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பெரியவன் அடிக்கட்டைகளின் பக்கம் திரும்பினான்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் நாச்சாத்தாள். "எங்கூட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பொன்னுக்குட்டிக்கு மூன்று காடு தள்ளி ஆட்டுக்குட்டி கத்தினால் கேட்கும். அவர் மறுத்துப் பேசவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்தபடி நின்றார். திலகமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் கேட்கிற மாதிரி, மறுபடியும் சொன்னாள்.